கஜேந்திரன் சொன்ன நோய்

அத்தியாயம் 9

சனிக்கிழமை காலையில், தேங்காய்ப் பாதியும் கையுமாகத் திருவலையில் குந்தியிருந்த நேரத்தில், சுரேகாவுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. உடம்பில் அல்ல, தொலைபேசியில்.

“தங்கச்சி, மனசைத் தளர விடாதேங்கோ. இப்ப இதுக்கெல்லாம் நல்ல மருந்து வந்திட்டுது,” என்றார் கல்யாணத் தரகர் நமசிவாயம்.

“எதுக்கு அண்ணை மருந்து?”

“அதுதான்... ரத்தத்தில...”

மனுசன் யாருக்கோ எடுக்கப் போய்த் தனக்கு எடுத்துவிட்டார் என்றுதான் சுரேகா முதலில் நினைத்தாள்.

“எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, அண்ணை. பின்னேரம் மாப்பிள்ளை வீட்டார் கலியாண எழுத்துக்கு நாள் பாக்க வருகினம்தானே? நான் இஞ்ச பலகாரத்துக்குத் தேங்காய் திருவிக்கொண்டு இருக்கிறன்.”

“அதைச் சொல்லத்தான் எடுத்தனான். அவை வரமாட்டினம். நோய் உள்ள குடும்பத்தில பொம்பிளை எடுக்கப் பயமா இருக்காம். உங்கட அம்மாவும் ரத்தத்தில ஏதோ வந்துதானே போனவ எண்டும் கேட்டவை.”

“எங்கட அம்மா டெங்குவில செத்தவ!”

“டெங்குவும் ரத்தத்தைத்தானே பிள்ளை பிடிக்கிறது?”

சுரேகாவுக்குச் சிரிப்பு வந்தது. உண்மையாகவே வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, “ஆர் அண்ணை இந்தக் கதையைக் கட்டினது? அவரின்ர வாயில மண் விழ,” என்றாள்.

“கட்டின கதையோ? உங்கட மிஸ்டர்தான் சொன்னவராம். போன ஞாயிறு, பிள்ளையின்ர முப்பத்தொண்டண்டு, மாப்பிள்ளையின்ர தாய் மிஸிஸ் சிவபாதசுந்தரத்திட்ட நேர சொன்னவராம். ரத்தத்தில பிரச்சினை, அதாலதான் டொக்டர் பால் குடுக்க வேண்டாமெண்டவர் எண்டு.”

சிரிப்பு பாதியில் நின்றது. கையில் இருந்த தேங்காய்ப் பாதி கீழே விழுந்து உருண்டு குளிர்சாதனப் பெட்டிக்குக் கீழே போய்விட்டது. அதை எடுக்க வேண்டும் என்ற நினைவே அவளுக்கு வரவில்லை.

அந்த முப்பத்தொண்டாம் நாள் சடங்குக்கு நாமும் போயிருந்தோம். குழந்தை ஆரபிக்குத் தலைமயிர் வழித்து, துடக்குக் கழித்து, வந்த சனம் வடையும் பாயசமுமாக வயிறு நிறைந்து போனதைப் பார்த்தோம். சுரேகா தாய்ப்பாலை நிறுத்திப் பால்மாவுக்கு மாறியதும் நமக்குத் தெரியும். பால் வற்றி நிறுத்தவில்லை. வருத்தம் வந்து நிறுத்தவில்லை. பிள்ளை நெஞ்சில் வாய் வைத்த உடனே காரணமே இல்லாத ஒரு துக்கம் வந்து அவளை அமுக்கும். அழுகை வரும், ஓடிவிட வேண்டும்போல் இருக்கும். போத்தலைக் கையில் எடுத்த பிறகுதான் அவள் தன் பிள்ளையின் முகத்தை ஆறுதலாகப் பார்த்தாள். “எனக்கு இது விருப்பமில்லை. நான் நிப்பாட்டப் போறன்,” என்று கணவனிடம் சொன்னாள். “உம்மட விருப்பம்,” என்று கஜேந்திரனும் சொன்னான்.

சொன்ன அதே வாயால் இந்த ஆள் வெளியே போய் என்ன சொல்லியிருக்கிறான் என்பதைத்தான் நாம் யாரும் பார்க்கவில்லை.

வெள்ளவத்தையில் ஒரு செய்தி நடந்து போவதில்லை, நூறாம் இலக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும். ஞாயிற்றுக்கிழமை ‘ரத்தத்தில் பிரச்சினை’ என்று ஏறியது சனிக்கிழமைக்குள் புற்றுநோயாக இறங்கியிருந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலுமா?

மணி அடித்தது. கதவைத் திறந்தால், கீழ்வீட்டு நஸீறா ராத்தா தூக்குச்சட்டியோடு நின்றாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

“கஞ்சி காச்சி எடுத்தாந்தேன் புள்ள. சூட்டோட குடிங்க. எனக்கு நேத்துதான் தெரியும். நான் ஒவ்வொரு தொழுகையிலும் ஒங்களுக்கு துஆக் கேக்கிறேன்.”

“ராத்தா, எனக்கு ஒண்டும் இல்லை.”

“அப்படித்தான் தைரியமா இருக்கணும்,” என்று நஸீறா அவளைக் கட்டிப் பிடித்து விம்மினாள். “பச்சப் புள்ளய வச்சிக்கிட்டு... அல்லாஹ் பெரியவன்.”

தனக்காக ஒருத்தி இப்படி அழும்போது நான் நல்ல சுகம் என்று சண்டை பிடிக்கவா முடியும்? சுரேகா தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு திகைத்துப் போய் நின்றாள். சாகப் போகிறவளைப் பார்ப்பதுபோல் இன்னொரு தரம் பார்த்துவிட்டு நஸீறா படியிறங்கினாள்.

திரும்பினால், அறை வாசலில் அனுஷியா.

சுரேகாவின் ஒரே தங்கை. அம்மா, அப்பா இருவரும் போன பிறகு சுரேகாதான் அவளுக்கு எல்லாம். பின்னேரத்துக்கு உடுக்க எடுத்த சாறியை அரைவாசி மடித்தபடி கையில் வைத்திருந்தாள். அனுஷியாவுக்கு எட்டில் செவ்வாய். செவ்வாய்க்குச் செவ்வாய் தேடி நமசிவாயத்தார் வவுனியா, மட்டக்களப்பு, லண்டன், கனடா எல்லாம் துழாவிக் கடைசியில் கொட்டாஞ்சேனையில் கண்டுபிடித்த மாப்பிள்ளை சுமன். சாதகம் பொருந்தியது. அதைவிடப் பெரிய விசயம், ஆளையும் அவளுக்குப் பிடித்துவிட்டது. இரண்டு பேரும் தொலைபேசியில் கதைக்கத் தொடங்கினால் சுரேகாதான் போய்ச் சோறு ஆறுது என்று சத்தம் போட வேண்டும்.

“சுமன் ஒரு மெசேஜுக்கும் பதில் போடுறார் இல்லை, அக்கா,” என்றாள் அனுஷியா. “நீங்கள் ஃபோனில கதைச்சது கேட்டது. உங்களுக்குக் கேன்சரோ?”

“உனக்கும் விசரோடி?”

“அப்ப அத்தான் ஏன் அப்பிடிச் சொன்னவர்?”

அந்தக் கேள்விக்குப் பதில் அந்த நேரம் பார்த்து மின்தூக்கியில் வந்துகொண்டிருந்தது. ஒரு கையில் ரோல்ஸ் பெட்டி, மறு கையில் வாழைப்பழச் சீப்பு, வாயில் ஒரு பழைய பாட்டு. கஜேந்திரன் வாசலுக்குள் கால் வைத்ததும் இரண்டு பெண்களின் முகத்தையும் பார்த்தான். பாட்டு தொண்டையில் சிக்கிக்கொண்டது.

“இஞ்சருங்கோ,” என்றாள் சுரேகா. “எனக்கு என்ன வருத்தம்?”

“என்ன... வருத்தமோ?”

“நான் எத்தினை மாதம் இருப்பன் எண்டாவது கேட்டு வைச்சிருக்கிறியளோ?”

கஜேந்திரன் ரோல்ஸ் பெட்டியை மேசையில் வைத்தான். வைத்துவிட்டு அதை நேராக்கினான். பிறகு இன்னும் கொஞ்சம் நேராக்கினான்.

“நான் கேன்சர் எண்டு சொல்லேல்லை, சத்தியமா. ரத்தத்தில சின்னப் பிரச்சினை எண்டுதான் சொன்னனான்.”

“ஏன் சொன்னனீங்கள்?”

“அந்த மனுசி பல்கனியில வந்து பிடிச்சிட்டா. நீர் போத்தல் கரைச்சதைக் கண்டிட்டா. அவ ஆரெண்டு தெரியும்தானே? தாய்ப்பாலைக் கட்டாயமாக்கிச் சட்டம் கொண்டு வா எண்டு வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை எல்லாம் கையெழுத்து வாங்கித் திரியிறவ. ஆறு மாதம் கட்டாயம், டொக்டரின்ர துண்டுக் கடிதம் இல்லாட்டித் தண்டம் எண்டு கூட்டம் போட்டுக் கதைக்கிறவ. ‘ஏன் தம்பி பிள்ளைக்குப் போத்தல்?’ எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது? வாயில வந்ததைச் சொல்லிப்போட்டன்.”

“விருப்பமில்லை எண்டு வாயில வரேல்லையோ?”

“அதை எப்பிடிச் சொல்லுறது, சுரேகா? ஒரு தாய்க்கு விருப்பமில்லை எண்டு ஆரேனும் சொல்லுவினமோ?”

இதைத்தான் சுரேகா எதிர்பார்க்கவில்லை. ஊர் சொல்லும், மிஸிஸ் சிவபாதசுந்தரம் சொல்லுவா, கிளினிக்கில் மிட்வைஃப் கூட முகத்தைச் சுளிப்பா. எல்லாம் தெரிந்துதான் அவள் முடிவெடுத்தாள். ஆனால் ‘உம்மட விருப்பம்’ என்று சொன்ன மனுசன் அவளைப் பற்றி உள்ளுக்குள் வெட்கப்பட்டுக்கொண்டு திரிந்திருக்கிறான்!

“பெண்சாதியை நோயாளி ஆக்கிறது உங்களுக்கு லேசாக் கிடந்திருக்கு. அவளுக்கு விருப்பமில்லை எண்டு சொல்லுறதுதான் பாரமாக் கிடந்திருக்கு, என்ன?”

அறைக்குள் ஆரபி வீரிட்டாள். சுரேகா போய்த் தூக்கினாள், போத்தலைக் கரைத்தாள், சோஃபாவில் இருந்து கொடுத்தாள். பிள்ளை மூக்கை விடைத்துக்கொண்டு, ‘ம்க், ம்க்’ என்று சத்தம் போட்டுக் குடித்தது. குடிக்கும்போது தாயின் விரல் ஒன்றைப் பிடித்துக்கொண்டது. இந்தப் பிள்ளைக்கு இதில் என்ன குறை வந்துவிட்டது என்று அவளுக்கு விளங்கவில்லை.

“நோயெண்டாலும் தங்கச்சியின்ர கலியாணம் நிக்கும். நோயில்லை எண்டாலும் நிக்கும்,” என்றான் கஜேந்திரன் மெல்ல. “நோயில்லை எண்டால் பிறகேன் பால் குடுக்கேல்லை எண்டுதானே அந்த மனுசி கேப்பா? நான் ஒண்டு சொல்லட்டோ? நோய் இருந்தது, இப்ப மாறிட்டுது எண்டு சொல்லுவம்.”

“இன்னொரு பொய்யோ?”

“சின்னப் பொய்.”

“நீங்கள் சின்னனா ஒண்டும் சொல்லாதேங்கோ. உங்கட சின்னனெல்லாம் கொட்டாஞ்சேனைக்குப் போகேக்க யானையாப் போகுது.”

அனுஷியா ஒரு பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு வந்து அக்காவின் காலடியில் இருந்தாள்.

“அக்கா, நாங்களே நேர போவம். அவை வராட்டி என்ன? போய் உண்மையைச் சொல்லுங்கோ. பொய் சொல்லிக் கட்டி எனக்கு அந்த வீட்டில வாழ ஏலாது. உண்மையைச் சொல்லி, அதுக்குப் பிறகும் வேண்டாமெண்டால் வேண்டாமெண்டே போகட்டும். நான் உங்களோட நிக்கிறன்.”

சுரேகா தங்கையின் தலையைத் தடவினாள். தான் வளர்த்த பிள்ளை என்று அந்த நேரம் அவளுக்குப் பெருமையாகவே இருந்தது.

மத்தியானம் திரும்பியதும் நால்வரும் ஒரே ஓட்டோவில் ஏறினார்கள். காலி வீதி முழுக்க வாகனம். கொள்ளுப்பிட்டி தாண்டுவதற்குள் ஆரபிக்கு வெக்கை பொறுக்கவில்லை, தொண்டை கிழியக் கத்தினாள். ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார்.

“பபாட்ட படகினி, மிஸ். கிரி தென்ன,” என்றார். பிள்ளைக்குப் பசி, பாலைக் கொடுங்கள் என்கிறார். அதோடு விடவில்லை. கொடுப்பதானால் ஓரமாக நிறுத்தித் தான் இறங்கித் தள்ளி நிற்பதாகவும் சிங்களத்தில் சொன்னார். நல்ல மனுசன். ஆனால் இந்த ஊரில் பால் விசயத்தில் ஓட்டோக்காரருக்குக்கூட ஒரு கருத்து இருக்கிறதே என்று சுரேகாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பிள்ளைக்குப் பசியில்லை, வெக்கைதான் என்று அவளும் சிங்களத்தில் சொல்லிவிட்டு, துவாயால் விசிறிக்கொண்டே வந்தாள்.

அனுஷியா அவளின் மற்றக் கையை விடவே இல்லை.

கொட்டாஞ்சேனையில் மிஸிஸ் சிவபாதசுந்தரத்தின் வீடு ஒரு இரும்புக் கடைக்கு மேல்மாடி. ஒடுங்கிய படி. கதவைத் திறந்தவன் சுமன். அனுஷியாவைக் கண்டதும் முகம் மலர்ந்து, உடனே உள்ளே திரும்பிப் பார்த்து, மலர்ந்த முகத்தைத் திரும்ப மடித்து வைத்துக்கொண்டான்.

“வாங்கோ, அக்கா. அம்மா உள்ளுக்கை.”

மிஸிஸ் சிவபாதசுந்தரம் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். நெற்றியில் திருநீறு, மூக்கில் கண்ணாடி. வகுப்பறைக்குள் வருவது மாதிரித்தான் வரவேற்பறைக்குள் வந்தார். சுரேகாவைக் கண்டதும் குரல் இளகியது.

“நீர் ஏன் பிள்ளை இந்த உடம்போட அலையிறீர்? இரும், இரும். சுமன், ஃபானைக் கூட்டிவிடும்.”

“அன்ரி, எனக்கு ஒரு நோயும் இல்லை,” என்றாள் சுரேகா. இருக்கவும் இல்லை. “இவர் சொன்னது பொய்.”

மிஸிஸ் சிவபாதசுந்தரம் கஜேந்திரனைப் பார்த்தார். வகுப்பில் பிடிபட்ட பொடியனைப் போல அவன் எழுந்து நின்றான்.

“ஓம், அன்ரி. நான் பொய் சொன்னனான். அவவுக்கு ஒண்டும் இல்லை. விருப்பமில்லாமல் நிப்பாட்டினவ. அதைச் சொல்ல எனக்கு வெக்கமாக் கிடந்தது.”

சபாஷ்! ஒரு கிழமை பிந்தினாலும் மனுசன் வாயைத் திறந்துவிட்டான். சுரேகாவுக்கே நம்ப முடியவில்லை.

ஆனால் மிஸிஸ் சிவபாதசுந்தரத்தின் முகம் மாறிய மாற்றம் இருக்கிறதே! நோயாளிக்குக் காட்டிய இரக்கம் அப்படியே வழித்துத் துடைத்த மாதிரிப் போய்விட்டது.

“விருப்பமில்லாமலோ?” என்றார். “பால் இருந்தும்?”

“ஓம், அன்ரி.”

“என்ர கடவுளே.” அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். “நீர் கேன்சர் எண்டு சொல்லியிருந்தால்கூட எனக்கு இப்பிடி வராது, பிள்ளை.”

சுரேகாவுக்கு முகத்தில் அடித்தது போல் இருந்தது. ஒரு மனுசி, படித்த மனுசி, தன் நாக்கால் இதைச் சொல்கிறாவே!

“தொண்ணூற்றைஞ்சில சனம் யாழ்ப்பாணத்தை விட்ட இடப்பெயர்வு உமக்குத் தெரியாது,” என்றார் மிஸிஸ் சிவபாதசுந்தரம். அவருடைய குரல் இப்போது அதிபரின் குரல் அல்ல. “இவன் சுமன் மூண்டு மாதப் பிள்ளை. கொட்டுற மழை. நாவற்குழிப் பாலத்தால சனம் அள்ளுப்பட்டுப் போகுது, ஒரு அடி வைக்கிறதுக்கு ஒரு மணித்தியாலம் நிக்கிறம். பால்மா எண்ட சாமானைக் கண்ணால காணேலாது. எனக்குச் சாப்பாடும் இல்லை, தண்ணியும் இல்லை. எண்டாலும் இவனுக்குப் பால் இருந்தது. நடந்து நடந்து குடுத்தனான். எனக்குப் பக்கத்தில வந்த ஒருத்தியின்ர பிள்ளைக்கு அது இல்லை. அந்தப் பிள்ளை சாவகச்சேரி போய்ச் சேரேல்லை. அதைப் பாத்த கண்ணோட நான் இப்ப போத்தலைப் பாக்கிறன், விளங்குதோ? அதுக்குத்தான் சட்டம் கேக்கிறன். பிள்ளைக்கு வாய் இல்லை. அதுக்காகச் சட்டம் கதைக்க வேணும்.”

சுமன் சேட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான். இந்தக் கதையை அவன் ஆயிரம் தரம் கேட்டிருப்பான், இருந்தும் அவன் கண் கலங்கியிருந்தது. சுரேகாவின் கண்ணும்தான் கலங்கியது. அந்த மனுசியில் அவளுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் சங்கடம்.

“அன்ரி, நீங்கள் குடுத்தது பெரிய விசயம்,” என்றாள். “ஆனா அண்டைக்கு உங்களை ஒரு சட்டமும் குடு எண்டு சொல்லேல்லை. நீங்கள் விரும்பிக் குடுத்தனீங்கள். அதாலதான் அது பெரிய விசயம்.”

“விருப்பம், விருப்பம்! தடுப்பூசி போடுறது தாயின்ர விருப்பத்திலயோ நடக்குது?”

“ஊசியை என்ர உடம்பில இருந்து எடுக்கிறதில்லையே, அன்ரி.”

வாழ்க்கையில் மிஸிஸ் சிவபாதசுந்தரத்தை யாரும் இப்படி மறித்ததில்லை போலும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிய அவருடைய முகத்தில் பழைய அதிபர் திரும்பி வந்துவிட்டார்.

“சரி. நான் ஒண்டு கேக்கிறன். போன ஞாயிறு இவர் நோய் எண்டவர். இண்டைக்கு இல்லை எண்டுறார். கலியாணம் குழம்பப் போகுது எண்டதும் நோய் மாறிட்டுது. நான் எதை நம்ப?”

“நாளைக்கே ரத்தம் சோதிச்சு ரிப்போட் கொண்டு வாறம்,” என்றான் கஜேந்திரன்.

“பேப்பர் ஆரும் எடுக்கலாம், தம்பி. எனக்குப் பேப்பர் வேண்டாம்.” மிஸிஸ் சிவபாதசுந்தரம் எழுந்து போய்ப் பக்கத்து அறைக் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே விரித்த கட்டில் தெரிந்தது. “பிள்ளையைக் கொண்டு வந்திருக்கிறீர்தானே? இஞ்ச வந்து இரும். ஒருக்கா நெஞ்சில போடும். நான் மட்டும் நிப்பன், வேற ஒருத்தரும் வரமாட்டினம். மூண்டு கிழமைதானே விட்டது? பிள்ளை இழுக்க இழுக்கப் பால் வரும். நோயில்லாத தாய் எண்டு நான் கண்ணால கண்டால், இண்டைக்கே நாள் வைப்பம். பழசு ஒண்டும் கதைக்க மாட்டன்.”

சுரேகாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது பின்னுக்கு ஓர் அடி வைத்தாள். அட பாவி மனுசி! மாடு வாங்க வந்தவர்கள்தான் இப்படிக் கறந்து பார்த்து விலை பேசுவார்கள்.

“அன்ரி, இது சரியில்லை,” என்று கஜேந்திரன் சத்தம் போட்டான்.

“பெத்த பிள்ளைக்குப் பால் குடுக்கிறது சரியில்லையோ? நான் என்ன, நஞ்சையோ குடுக்கச் சொன்னனான்?”

சுரேகா ஆரபியை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். பதில் சொல்ல அவளுக்கு ஒரு வில்லங்கமும் இல்லை. மாட்டேன் என்ற சொல் நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொல்லிவிட்டுத் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டியதுதான். அவள் அனுஷியாவின் பக்கம் திரும்பினாள்.

அனுஷியா அழுதுகொண்டிருந்தாள். அழுகை அக்காவுக்காக என்றுதான் சுரேகா நினைத்தாள்.

“அக்கா,” என்றாள் அனுஷியா. சாறித் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். “அக்கா, ஒருக்காத்தானே.”

“என்ன?”

“ஒரே ஒருக்கா. பத்து நிமிசம். கண்ணை மூடிக்கொண்டு குடுங்கோவன். அதுக்குப் பிறகு வீட்டை போய் நீங்கள் போத்தலையே குடுங்கோ, ஆர் கேக்கப் போகினம்? எனக்காக.”

காலையில் காலடியில் இருந்து ‘உங்களோட நிக்கிறன்’ என்று சொன்ன அதே பிள்ளையா இது? சுரேகா தங்கையின் முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பொய் இல்லை, நடிப்பு இல்லை. உண்மையாகவே கேட்கிறாள். அந்தத் துக்கம் என்னவென்று அனுஷியாவுக்குத் தெரியும். சுரேகா குளியலறைக்குள் இருந்து குமுறிக் குமுறி அழுத நாட்களில் கதவுக்கு வெளியே நின்று “அக்கா, திறவுங்கோ” என்று கெஞ்சியவளே அவள்தான். தெரிந்துகொண்டுதான் கேட்கிறாள்.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், சுரேகாவுக்கு அந்தக் கட்டிலில் போய் இருந்துவிடலாமா என்றும் வந்தது. எட்டில் செவ்வாய். இன்னொரு சுமன் கிடைக்க மாட்டான். பத்து நிமிசம்தானே? தாயாக நின்று வளர்த்தவள் தங்கைக்காகப் பத்து நிமிசம் பல்லைக் கடிக்க மாட்டாளா? அவளுடைய கால் அந்தக் கதவை நோக்கி ஓர் அடி வைத்தும் விட்டது. மிஸிஸ் சிவபாதசுந்தரம் வழி விட்டு ஒதுங்கினார்.

அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. அவள் நின்றாள்.

“அனு,” என்றாள். “நான் இண்டைக்கு இந்த அறைக்குள்ள போனால், நாளைக்கு உன்னையும் இதே கட்டிலில இருத்துவினம். உன்ர பிள்ளையோட. அப்ப உனக்கு ஏலாமல் வந்தால் நீ ஆரைக் கூப்பிடுவாய்? என்னைத்தான் கூப்பிடுவாய். நான் வந்து ‘ஒருக்காத்தானே’ எண்டு உனக்குச் சொல்லட்டோ?”

அனுஷியாவின் அழுகை நின்றுவிட்டது.

“சுமன், நீர் ஒண்டும் சொல்ல மாட்டீரோ?” என்று கஜேந்திரன் கேட்டான்.

சுமன் தாயைப் பார்த்தான், அனுஷியாவைப் பார்த்தான், கடைசியாக நிலத்தைப் பார்த்தான். “அம்மா சொன்னால் சொன்னதுதான், அண்ணை,” என்றான்.

“நாங்கள் போட்டு வாறம், அன்ரி,” என்றாள் சுரேகா. “நான் குடுக்க மாட்டன். இண்டைக்கும் இல்லை, ஒருக்காலும் இல்லை. என்ர பிள்ளை எப்பிடி வளருது எண்டு பாக்க ஆசையெண்டால் வெள்ளவத்தைக்கு வாங்கோ. வா, அனு.”

அனுஷியா எழும்பினாள். கைப்பையைத் தோளில் கொழுவினாள், சாறித் தலைப்பைச் சரி பண்ணினாள். சுரேகாவுக்கு மூச்சு வந்தது. என்ன இருந்தாலும் தன்ர பிள்ளை, ஏதோ பயத்தில் கேட்டுவிட்டது, ஓட்டோவில் ஏறியதும் தோளில் சாய்ந்து அழும், நாளைக்கு எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டே கதவடிக்குப் போய்விட்டாள்.

“நீங்கள் போங்கோ, அக்கா.”

சுரேகா திரும்பினாள்.

அனுஷியா கதிரையில் திரும்ப இருந்துவிட்டாள். கைப்பை மடியில். கண் நிலத்தில்.

“நான் பிறகு வாறன்,” என்றாள். “எனக்கு இவையோட கதைக்க வேணும். தனியா.”

“என்னடி சொல்லுறாய்?”

“போங்கோ, அக்கா. பிளீஸ்.”

மிஸிஸ் சிவபாதசுந்தரம் சுரேகாவைப் பார்க்கவே இல்லை. “சுமன், பிள்ளைக்கு ஒரு தேத்தண்ணி கொண்டு வாரும்,” என்றார். எந்தப் பிள்ளைக்கு என்று யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

சுரேகா எப்படிப் படியிறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. அம்மாவைச் சுடலைக்கு எடுத்துக்கொண்டு போன நாளிலிருந்து, எந்த வீட்டுக்குப் போனாலும் எந்த வீட்டிலிருந்து திரும்பினாலும், அவளுக்குப் பின்னால் அனுஷியாவின் செருப்புச் சத்தம் வரும். பாதிப் படியில் நின்று காது கொடுத்தாள். கஜேந்திரனின் சப்பாத்துச் சத்தம் மட்டும்தான் வந்தது.

“திரும்பிப் போய்க் கூட்டிக்கொண்டு வரட்டோ?” என்று கேட்டான் அவன்.

சுரேகா வாயைத் திறக்கு முன் மேலே கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டார்கள்.